சொல்லின் வேரை அறிவோம்

ஆங்கிலச் சொற்களை ஒவ்வொன்றாக மனனஞ் செய்து களைப்புறும் மாணவர் பலர். அச்சொற்களிற் பெரும்பகுதி, நேராகவோ பிரெஞ்சு மொழி வாயிலாகவோ, இலத்தீன், கிரேக்க மொழிகளிலிருந்து வந்தவை. அவற்றின் வேர்களை அறிந்தாற் பாரம் குறையும்.

'போர்ட்' என்னும் இலத்தீன் வேர் சுமத்தலைக் குறிக்கும். உள்ளே கொணர்தல் 'இம்போர்ட்', வெளியே கொண்டுசெல்லல் 'எக்ஸ்போர்ட்', ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குக் கொண்டுசெல்லல் 'டிரான்ஸ்போர்ட்', சுமப்பவர் 'போர்ட்டர்'. ஒரு வேர் நான்கு சொற்களை விளக்கிவிடுகின்றது.

ஆயினும் ஓர் எச்சரிக்கை. சைக்கிளின் 'பெடல்' என்பதன் வேர், பாதத்தைக் குறிக்கும் இலத்தீன் சொல். கற்பித்தற் கலையாகிய 'பெடகோஜி' என்பதன் வேரோ, பிள்ளையைக் குறிக்கும் கிரேக்கச் சொல். தொடக்க ஒலி ஒன்று, பிறப்பு வேறு.

ஆதலால், வேரைக்கொண்டு பொருளை ஊகிக்க. வாக்கியத்தில் வைத்து ஆராய்க. அகராதியைக்கொண்டு உறுதி செய்க.