நிலநடுக்கம்: வீட்டில் உள்ள நோயாளியைப் பாதுகாப்பது எப்படி?

தமிழ்நாட்டில் கடும் நிலநடுக்கம் அரிது. ஆயினும் 1900 பிப்ரவரி 8 அன்று கோயம்புத்தூர்ப் பகுதியில் ஏறத்தாழ 6 ரிக்டர் அளவுள்ள நிலநடுக்கம் ஏற்பட்டது. எனவே தாடிக்கொம்பு, திண்டுக்கல் பகுதிகளில் நோயாளியைப் பராமரிப்போரும் அடிப்படைப் பாதுகாப்பு முறைகளை அறிந்திருத்தல் நலம்.

புஜ் தரும் பாடம்

2001 ஜனவரி 26 காலை குஜராத்தின் கட்ச் பகுதியைத் தாக்கிய நிலநடுக்கத்தில் பல்லாயிரம் பேர் உயிரிழந்தனர். புஜ் நகரின் அரசு மருத்துவமனையே இடிந்ததால், காயமுற்றோருக்குத் திறந்தவெளியில் சிகிச்சை அளிக்க நேர்ந்தது. 200 கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ள அகமதாபாத்திலும் அடுக்குமாடிக் கட்டடங்கள் சரிந்தன. தரைத்தளத்தில் சுவர்களின்றித் தூண்கள் மட்டும் நிற்கும் வாகன நிறுத்தம் கொண்ட கட்டடங்கள் பெரிதும் பாதிக்கப்பட்டன. உயிரைப் பறிப்பது பெரும்பாலும் நில அதிர்வன்று; இடியும் கட்டடமும் விழும் பொருள்களுமே.

அதிர்வின்போது

அதிர்வு பெரும்பாலும் சில நொடிகளில் அடங்கிவிடும். அதற்குள் நோயாளியைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓட முயன்றால் இருவரும் விழுந்து காயமுற நேரிடும்.

• படுக்கையில் இருப்பவர் அங்கேயே இருக்கட்டும். தலையணையால் தலையையும் கழுத்தையும் மூடவும்.
• சக்கர நாற்காலியில் இருப்பவர் சக்கரங்களைப் பூட்டி, முன்குனிந்து, கைகளால் தலையைக் காக்கவும்.
• பராமரிப்பாளர் உறுதியான மேசையின் அடியில் அமர்ந்து அதன் காலைப் பற்றிக்கொள்ளவும்.

அதிர்வு நின்றபின் அடுப்பை அணைத்து, எரிவாயு வால்வை மூடி, நோயாளியைத் திறந்தவெளிக்குக் கொண்டு செல்லவும். எரிவாயுக் கசிவு இல்லை என உறுதியாகும்வரை தீக்குச்சி உரசுவதோ மின்விசையை இயக்குவதோ கூடாது.

இடிபாடுகளில் சிக்கியவர்

கை கால்கள் பல மணி நேரம் நசுங்கிக் கிடந்தால் தசைகள் சிதையும். பாரத்தை அகற்றியவுடன், சிதைந்த தசையிலிருந்து வெளிப்படும் பொட்டாசியம் இரத்தத்தில் கலந்து இதயத்துடிப்பை நிறுத்தக்கூடும். தசைப் புரதம் சிறுநீரகங்களைச் செயலிழக்கச் செய்யும். நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவர் மீட்கப்பட்ட சிறிது நேரத்தில் உயிரிழப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஆகவே அவர் எவ்வளவு நேரம் சிக்கியிருந்தார் என்பதை மீட்புக் குழுவினரிடம் கூறவும். இயன்றால் பாரத்தை அகற்றும் முன்னரே அவர்கள் நரம்பு வழியாக உப்புநீர் செலுத்துவர். பொட்டாசியம் மிகுந்த இளநீரைக் கொடுக்க வேண்டாம். மீட்கப்பட்டவரின் சிறுநீர் கருஞ்சிவப்பாக வெளியேறினால் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லவும்.

இன்றே செய்ய வேண்டியவை

• நோயாளியின் கட்டிலை ஜன்னல், கனத்த அலமாரி, பரண் ஆகியவற்றிலிருந்து விலக்கி இடவும்.
• ஆக்சிஜன் சிலிண்டரைச் சங்கிலியால் சுவரோடு பிணைக்கவும்.
• ஒரு வாரத்திற்கான மருந்துகள், மருந்துச் சீட்டின் நகல், கைவிளக்கு, குடிநீர் ஆகியவற்றை ஒரே பையில் வைக்கவும். மருந்துகள் காலாவதியாகும் முன் மாற்றவும்.
• டயாலிசிஸ் செய்துகொள்பவர், சிகிச்சை தடைபட்டால் உண்ண வேண்டிய உணவையும் பருகும் நீரின் அளவையும் மருத்துவரிடம் முன்னரே கேட்டறியவும். அந்நாள்களில் சிறுமலை வாழைப்பழமாயினும் இளநீராயினும் தவிர்க்க வேண்டியவையே.

அவசர உதவிக்கு 108-ஐ அழைக்கவும்.