சுண்டுவிரல் கணக்கு: கைவலியும் தமிழ்த் தட்டச்சும்

கைவலி என்றதும் நம்ம ஆட்கள் கேட்பது, "எந்த கீபோர்டு வாங்கலாம்?" அதுக்கு முன்னாடி இரண்டு கேள்விகள் இருக்கு. எங்கே வலிக்குது? எந்த மொழியில் அதிகம் தட்டறீங்க?

கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் மரத்துப்போய் ராத்திரி தூக்கம் கலைந்தால், மணிக்கட்டில் மீடியன் நரம்பு அழுந்துகிறதா என்று பார்க்கணும். சுண்டுவிரலும் பக்கத்து விரலும் மரத்துப்போனால் அது அல்நர் நரம்பு. முழங்கையை மேசை விளிம்பில் ஊன்றும் பழக்கம் அதைக் கெடுக்கும். இரண்டுக்கும் முதலில் டாக்டர், அப்புறம்தான் கீபோர்டு. வெறும் அசதி, இழுப்பு என்றால் மேற்கொண்டு படிக்கலாம்.

காசில்லாமல் செய்யக்கூடியது: கீபோர்டின் பின்கால்களை மடக்கிடுங்க. அவை நின்றால் மணிக்கட்டு மேல்நோக்கி வளையும். மேசை உயரம் என்றால் நாற்காலியை ஏற்றி, காலுக்கு ஒரு பலகை போடுங்க. கண்ட்ரோல் விசையை கேப்ஸ் லாக் இடத்துக்கு மாற்றினால் இடது சுண்டுவிரல் பிழைக்கும்.

அடுத்தது, இரண்டாகப் பிரிந்த கீபோர்டு. சாதாரணப் பலகையில் இரு கைகளும் நடுவில் கூடுவதால் மணிக்கட்டு சுண்டுவிரல் பக்கமாகத் திரும்பியே கிடக்கிறது. பாதிகளைத் தோள் அகலத்துக்குத் தள்ளி வைத்தால் நேராகும். உள்விளிம்பைக் கொஞ்சம் உயர்த்தினால் முன்னங்கை முறுக்கும் குறையும். விசையின் கனமும் முக்கியம்: செர்ரி ரெட் 45 கிராம், பிளாக் 60. நாள் முழுக்க அடிப்பவருக்கு இது சின்ன வித்தியாசம் இல்லை.

இதுவரை ஆங்கிலத்துக்கும் பொது. தமிழில் எழுதுபவருக்குப் பலகையைவிட விசையமைப்பே பெரிய விஷயம் என்பது என் கட்சி. ஆங்கில எழுத்தில் ஒலிபெயர்த்து அடிக்கும் முறையில் 'பள்ளிக்கூடம்' என்ற சொல்லுக்கு 12 தட்டு, ளகரத்துக்காக இரண்டு ஷிப்ட் தனி. 1999 சென்னை மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு ஏற்ற தமிழ்99-இல் அதே சொல் 10 தட்டு, ஷிப்ட் கிடையாது. ஒரே மெய்யை இருமுறை அடித்தால் முதலாவதுக்குப் புள்ளி தானே விழும். ந்த, ண்ட, ம்ப போன்றவற்றுக்கும் அப்படியே. உயிர் இடது கைக்கு, மெய் பெரும்பாலும் வலது கைக்கு.

அந்தப் 'பெரும்பாலும் வலது' என்பதில்தான் சிக்கல். ந, ய, ண, ச, ஞ, ழ ஆறும் வலது சுண்டுவிரல் தலையில். 'செய்ய' அடித்துப் பாருங்க: ச, எ, ய, ய. நாலு தட்டில் மூன்று சுண்டுவிரல். உங்களுக்கு வலி அங்கேதான் என்றால் தமிழ்99 மொத்தத் தட்டைக் குறைத்தாலும் வலியைக் குறைக்காமல் போகலாம்.

இப்போ இதையும் பிரிந்த கீபோர்டையும் சேர்த்துப் பாருங்க. கார்ன் மாதிரி 42 விசைப் பலகைகளில் சதுர அடைப்புக்குறிகளுக்கு முதல் அடுக்கில் இடமே கிடையாது. ஆங்கிலத்துக்குப் பெரிய நஷ்டமில்லை. தமிழ்99-இல் அந்த இரண்டும்தான் ச, ஞ! ஞ-வை வேறு லேயரில் ஒளித்து வைக்கலாம், அபூர்வமாகத்தானே வரும். ச இல்லாமல் ஒரு பத்தி எழுத முடியுமா?

நல்லவேளையா, கியூஎம்கே போன்ற ஃபர்ம்வேர் உள்ள பலகையில் எந்த விசையையும் எங்கேயும் நகர்த்தலாம். தமிழ்99 கணினியில் இருக்கிறது. பலகை அனுப்புவது விசை எண் மட்டும். தமிழுக்கென்று தனி லேயர் வைத்து, ச-வை வலது கட்டைவிரலுக்கும் ய-வை உள்பக்க நெடுவரிசை இருந்தால் ஆள்காட்டிக்கும் கொடுக்கலாம். ஆங்கில லேயர் பழையபடி இருக்கும். ஆனால் எல்லாவற்றையும் கட்டைவிரலில் ஏற்றாதீங்க, அடிப்பகுதித் தசைநாரில் வலி வரும்.

வாங்குவதற்கு முன், நீங்க எழுதிய ஒரு பக்கத்தை எடுத்து அந்த ஆறு எழுத்தும் எத்தனை முறை வருது என்று எண்ணிப் பாருங்க. பலகையின் படத்தில் அந்த ஆறும் எங்கே விழுது என்றும் குறிச்சுக்கங்க. விலையை அப்புறம் பார்க்கலாம்.