கொலையாளி யார்?

நம் சேலத்துக்கும் துப்பறியும் படங்களுக்கும் நெடுநாள் உறவு உண்டு. திருச்செங்கோட்டுக்காரரான டி. ஆர். சுந்தரம் சேலத்தில் நடத்திய மாடர்ன் தியேட்டர்ஸ், 1950இல் 'திகம்பர சாமியார்' படத்தை வெளியிட்டது. வடுவூர் துரைசாமி ஐயங்காரின் நாவலே அதன் கதை. எம். என். நம்பியார் பல மாறுவேடங்களில் வந்து குற்றத்தை வெளிக்கொணர்வார். அவர் ஏற்ற பாத்திரம் காவல் அதிகாரி அன்று.

காவல்துறையைச் சாராத ஒருவர் துப்பறிவதில் அப்படி என்ன சுவை? அவருக்குக் கைதுசெய்யும் அதிகாரம் இல்லை. பார்ப்பதும், கேட்பதும், சிந்திப்பதுமே அவருடைய கருவிகள். கொட்டகையில் அமர்ந்திருக்கும் நமக்கும் அவைதாமே உண்டு! எனவே அவரோடு நாமும் துப்பறியத் தொடங்குகிறோம்.

இவ்வகையில் சிறந்த எடுத்துக்காட்டு, ஏ.வி.எம். தயாரித்து ஏ. சி. திருலோகசந்தர் இயக்கிய 'அதே கண்கள்' (1967). முகமூடி அணிந்த ஒருவன் ஒரு குடும்பத்தையே அச்சுறுத்துகிறான். அக்குடும்பத்துப் பெண்ணாகக் காஞ்சனா. அவளை விரும்பும் இளைஞனாக ரவிச்சந்திரன். அந்த இளைஞனே துப்பறியப் புகுகிறான். இடையிடையே நாகேஷின் நகைச்சுவை, வேதாவின் துள்ளலிசை. மாடர்ன் தியேட்டர்ஸின் 'வல்லவனுக்கு வல்லவன்' (1965) படத்துக்கு இசையமைத்தவரும் இதே வேதாதான்.

கொலைக் கதையில் சிரிப்பு எதற்கு? 1954இல் வந்த 'அந்த நாள்' பாட்டே இல்லாமல் வெற்றிகரமாகக் கதை சொல்லவில்லையா எனலாம். உண்மைதான். ஆனால் சிரிப்புக்கும் ஒரு வேலை உண்டு. அச்சத்தைத் தணிப்பதோடு, நம் கவனத்தையும் சற்றே தளர்த்துகிறது. அந்த நேரம் பார்த்துத் தடயம் நழுவிப்போகிறது!

இன்னொரு வேடிக்கை. வில்லன் வேடங்களில் நாம் பார்த்துப் பழகிய அசோகன் இப்படத்தில் தோன்றியதுமே நம் ஐயம் அவர்மீது பாய்கிறது. அது சான்றன்று, நம் பழக்கம். பின்னாளில் வில்லனாகவே பெயர்பெற்ற நம்பியார்தானே 'திகம்பர சாமியா'ரில் நீதியை நிலைநாட்டினார்?

விடுதியில் ஒரு கைக்கடிகாரம் காணாமற்போனால், ஒருவனின் உடையையும் ஊரையும் பார்த்தே அவனைத் திருடனாக்கிவிடுகிறோம். அவன் எங்கிருந்தான், யார் பார்த்தார்கள் என்று கேட்பதில்லை. திரையில் நம் ஊகம் பொய்த்தால் சிரித்துவிட்டு எழுந்து வரலாம். வாழ்வில் பொய்த்தாலோ, ஒருவனின் மானமே போய்விடும். ஐயம் வேறு, சான்று வேறு என்பதை இப்படங்கள் விளையாட்டாகவே நமக்கு உணர்த்துகின்றன.

'அதே கண்கள்' பாருங்கள், நண்பர்களே! பார்த்தபின், கொலையாளி யார் என்பதை மட்டும் பக்கத்து அறைக்காரரிடம் சொல்லிவிடாதீர்கள்!