பாலாற்றுப் படுகையில் நிலத்தடிப் பாய்ம ஓட்டம்: நில அதிர்வு ஆய்வின் எல்லையும் மின்தடை ஆய்வின் துணையும்

முன்னுரை

மண்ணுக்கடியில் நகரும் பாய்மத்தைத் தோண்டாமலே அறியும் முறைகள் பெரும்பாலும் எண்ணெய்த் துறையில் வளர்ந்தவை. வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை எனப் பரந்த தோல் தொழில் வட்டாரத்தில் எண்ணெய் இல்லை. எனினும் அங்கும் ஒரு பாய்மம் நிலத்தடியில் நகர்கிறது. பச்சைத்தோல் கெடாதிருக்கத் தூவிய உப்பு, தோலை ஊறவைத்துக் கழுவுகையில் கழிவுநீரில் கலந்து, பல்லாண்டுகளாகக் கிணறுகளை அடைந்து வந்துள்ளது. வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் 1996 ஆகஸ்டு 28 அன்று தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், தோல் பதனிடும் பகுதியில் ஏறத்தாழ 35,000 எக்டேர் வேளாண் நிலம் முழுமையாகவோ பகுதியாகவோ பயிரிடத் தகுதியிழந்தது என்னும் ஆய்வைச் சுட்டியது. 2025 சனவரி 30 அன்றும் அதே நீதிமன்றம் இவ்வட்டாரத்தில் பாதிக்கப்பட்டோர்க்கு இழப்பீடு வழங்குமாறு ஆணையிட்டது. இழப்பீடு என்றவுடன் எழும் வினா, உப்பு எந்தக் கிணறு வரை சென்றுள்ளது என்பதே. எண்ணெய்த் துறையின் நில அதிர்வு முறை இவ்வினாவுக்கு எவ்வளவு விடை தரும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

அலையும் பாய்மமும்

நிலத்தில் செலுத்தப்படும் அழுத்த அலையின் வேகம், பாறை அமுக்கத்தை எவ்வளவு எதிர்க்கிறது என்பதைப் பெரிதும் பொறுத்தது. பாறையின் நுண்துளைகளில் வளிமம் இருந்தால் எதிர்ப்புக் குறையும்; நீர் இருந்தால் கூடும். இத்தொடர்பைக் காஸ்மன் 1951இல் சமன்பாடாக்கினார். ஒரே இடத்தில் சில ஆண்டு இடைவெளியில் ஆய்வை மீண்டும் நடத்தி, இரு பதிவுகளின் வேறுபாட்டைக் கண்டால் பாய்மம் இடம்பெயர்ந்த பகுதி வெளிப்படும். இதுவே நாற்பரிமாண நில அதிர்வு ஆய்வு; நான்காம் பரிமாணம் காலம். நார்வேயின் சிலைப்னர் வயலில் 1996 முதல் நிலத்தடியில் செலுத்தப்படும் கரியமில வாயு பரவிய விதம் இம்முறையால் கண்காணிக்கப்பட்டது.

சிலைப்னரில் உப்புநீரை வளிமம் இடம்பெயர்த்தது. ஆகவே மாற்றம் தெளிவாகத் தெரிந்தது. பாலாற்றுப் படுகையில் நன்னீரை உவர்நீர் இடம்பெயர்க்கிறது. 25 பாகை செல்சியசில் நன்னீரில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 1,497 மீட்டரும், கடல்நீரில் ஏறத்தாழ 1,530 மீட்டரும் செல்லும். கடலளவு உவர்ப்பே இவ்வளவு சிறிய மாற்றத்தைத் தருமாயின், கிணற்று உவர்ப்பு தரும் மாற்றம் அளவீட்டுப் பிழைக்குள் மறைந்துவிடும். தேசிய நெடுஞ்சாலையில் ஓயாது ஓடும் லாரிகளின் அதிர்வு வேறு! எண்ணெய் வயலின் வழிமுறையை அப்படியே இங்குப் பெயர்த்து நடுவது பயன் தராது.

பாத்திரமும் பண்டமும்

மின்தடைத்திறனோ உவர்ப்பை நேரடியாக உணர்கிறது. நீரில் உப்பு மிகுந்தால் அது குறையும். ஆயினும் அதற்கும் ஒரு குறையுண்டு. மேலே உலர்ந்த மண், கீழே சார்னோகைட்டு அல்லது நைஸ் வன்பாறை, இடையில் நீர் நிறைந்த சிதைவுப்பாறை என்னும் இவ்வட்டார அமைப்பில், நிலமேற்பரப்பு மின்னளவீடு இடையடுக்கின் தடிமனையும் மின்தடைத்திறனையும் தனித்தனியே தருவதில்லை. தடிமனை மின்தடைத்திறனால் வகுத்த ஈவையே உறுதியாகத் தருகிறது. சான்றாக, 5 ஓம்-மீட்டர் கொண்ட 10 மீட்டர் அடுக்கும், 10 ஓம்-மீட்டர் கொண்ட 20 மீட்டர் அடுக்கும் ஏறத்தாழ ஒரே வளைகோட்டைத் தரும். முன்னது கடுமையான மாசு; பின்னது மிதமானது. இழப்பீட்டுக் கணக்கில் இவ்விரண்டும் ஒன்றல்ல.

நில அதிர்வு முறை பயன்படுவது இங்கேதான். இரும்புத் தகட்டில் சம்மட்டியால் அடித்து எழுப்பும் அலையே இவ்வாழத்துக்குப் பெரும்பாலும் போதும். உலர்மண்ணில் நொடிக்குச் சில நூறு மீட்டராக இருக்கும் வேகம், நீர் நிறைந்த அடுக்கில் 1,500 மீட்டருக்கு மேலும், சிதையாத வன்பாறையில் 5,000 மீட்டர் அளவுக்கும் உயரும். எனவே நீர்மட்டமும் வன்பாறையின் ஆழமும் கிடைக்கின்றன; இரண்டின் வேறுபாடு இடையடுக்கின் தடிமன். அத்தடிமனை மின்னளவீட்டில் இட்டால் மின்தடைத்திறன் உறுதிப்படும். அதிர்வலை பாத்திரத்தை அளக்கிறது. மின்னோட்டம் அதிலுள்ள பண்டத்தைச் சொல்கிறது.

களிமண்ணும் மின்தடையைக் குறைக்கும் என்பதால் கிணற்றுநீர்ப் பகுப்பாய்வு இன்றி எம்முடிவும் நிலைக்காது. குரோமியத்தை இம்முறை தனித்துக் காட்டாது என்பதும் நினைவிற்குரியது. மூவிணைதிறக் குரோமியம் பெரும்பாலும் மண்ணில் படிந்துவிடும். இராணிப்பேட்டைக் குரோமேட்டு ஆலைக் கழிவிலுள்ள அறுவிணைதிற வடிவமோ நீருடன் நகரும். குளோரைடு மண்ணில் ஏறத்தாழ ஒட்டாமல் நீருடனே செல்வதால், ஓட்டத்தின் தடத்தை அறிய அதுவே ஏற்றது.

காலம் என்னும் பரிமாணம்

ஐதராபாத்திலுள்ள தேசியப் புவி இயற்பியல் ஆய்வு நிறுவனத்தின் எம். தங்கராசன், மேல் பாலாற்றுப் படுகைக்கு உருவாக்கிய கணிப்பு மாதிரியை 1999இல் வெளியிட்டார். மாசு மூலங்களைப் பாதியாகக் குறைத்தாலும், 20 ஆண்டுகளுக்குப் பின்னும் கரைந்த உப்பின் செறிவு பாதியாகக் குறையாது என அது காட்டியது. அந்த 20 ஆண்டுகள் கடந்துவிட்டன. இத்தகைய கணிப்பைக் களத்தில் சரிபார்க்க, ஒரே கோட்டில், ஒரே பருவத்தில், மின்முனைகளை அதே புள்ளிகளில் ஊன்றி மீண்டும் மீண்டும் அளத்தல் வேண்டும். உழவில் முளைக்குச்சிகள் பிடுங்கப்படும். கிணற்றுச் சுவரிலிருந்து தொலைவு குறித்துக்கொள்வது நிலையானது. 2021 நவம்பரில் பாலாற்றில் பெருவெள்ளம் ஓடியது. அதற்கு முன்னும் பின்னும் ஒரே கோட்டில் எடுத்த அளவீடுகள் இருக்குமாயின், உப்பு கழுவிச் செல்லப்பட்டதா, பாறை வெடிப்புகளின் வழியே இன்னும் ஆழத்துக்குத் தள்ளப்பட்டதா என்பதை அவ்வேறுபாட்டிலிருந்தே படித்துவிடலாம்.