ஆலசனேற்ற ஆல்க்கீன்களில் தனி உறுப்புச் சேர்க்கை

ஆலசனேற்ற ஆல்க்கீன்களில் தனி உறுப்புச் சேர்க்கை என்பது, இணையற்ற எதிர்மின்னி (எலக்ட்ரான்) கொண்ட அணு அல்லது அணுக்கூட்டம் ஒன்று, புளோரின், குளோரின் போன்ற ஆலசன் அணுக்களைத் தாங்கிய ஆல்க்கீனின் இரட்டைப் பிணைப்பில் சேரும் வேதிவினை ஆகும். வளிம நிலையில் கரைப்பானின் குறுக்கீடு இல்லை. எனவே மூலக்கூறுகளின் சொந்த இயல்புகளை அறிய இந்நிலை ஏற்றதாகும்.

வினை வழிமுறை

இது ஒரு சங்கிலி வினை. எடுத்துக்காட்டாக, முப்புளோரோ அயோடோ மீத்தேன் மீது புற ஊதா ஒளி படும்போது, கரிமம்-அயோடின் பிணைப்பு முறிந்து முப்புளோரோ மெத்தில் உறுப்பு உண்டாகிறது. இது ஆல்க்கீனின் ஒரு கரிம அணுவுடன் பிணைகிறது. இணையற்ற எதிர்மின்னி மற்றைய கரிமத்தில் அமைகிறது. இப்புதிய உறுப்பு வேறொரு முப்புளோரோ அயோடோ மீத்தேன் மூலக்கூறிலிருந்து அயோடினைக் கவர்கிறது. அப்போது முப்புளோரோ மெத்தில் உறுப்பு மீண்டும் விடுபட்டு, சங்கிலி தொடர்கிறது. இரு உறுப்புகள் தம்முள் இணைந்தால் சங்கிலி முடிவுறும். ஹாசல்டீன் என்னும் பிரித்தானிய வேதியியலாளர் இவ்வினையை எத்திலீன், நாற்புளோரோ எத்திலீன் ஆகியவற்றில் ஆராய்ந்து 1949-இல் வெளியிட்டார்.

சேரும் இடம்

நிலைப்புத்தன்மை மிக்க உறுப்பு உண்டாகும் வகையிலேயே சேர்க்கை நிகழும் என்பது பொதுவாகக் கற்பிக்கப்படும் விதி. வைனைல் புளோரைடில் உறுப்புகள் பெரும்பாலும் புளோரின் இல்லாத கரிமத்திலேயே சேர்கின்றன. ஆனால் முப்புளோரோ எத்திலீனுக்கு இவ்விதி போதாது. அதன் ஒரு கரிமத்தில் இரண்டு புளோரின் அணுக்களும், மற்றதில் ஒரு புளோரினும் ஒரு ஐதரசனும் உள்ளன. முப்புளோரோ மெத்தில் உறுப்பு மிகுதியாக ஒரு புளோரின் உள்ள கரிமத்தில் சேர்கிறது; மெத்தில் உறுப்போ இரண்டு புளோரின் உள்ள கரிமத்தையே நாடுகிறது. மூலக்கூறு ஒன்றே, தாக்கும் உறுப்பு மாறினால் இடமும் மாறுகிறது.

வேகத்திலும் இவ்வேறுபாடு உண்டு. முப்புளோரோ மெத்தில் உறுப்பு எதிர்மின்னிகளை நாடும் இயல்புடையது. ஆகவே நாற்புளோரோ எத்திலீனைவிட எத்திலீனுடன் விரைவாக வினைபுரிகிறது. மெத்தில் உறுப்பில் இது தலைகீழ். ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூசு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டெடர், வால்டன் ஆகியோர் இத்தகைய வினைகளை விரிவாக ஆராய்ந்தனர். முனைவுத்தன்மை, இடநெருக்கடி, உருவாகும் பிணைப்பின் வலிமை ஆகிய மூன்றையும் சேர்த்தே நோக்க வேண்டும் என்பது அவர்களின் முடிவு.

வளிமண்டலத்தில் பங்கு

வளிமண்டலத்தில் இவ்வினையைத் தொடங்குவது பெரும்பாலும் ஐதராக்சில் உறுப்பு ஆகும். கார்க் குளிர்பதனிகளில் பயன்பட்ட எச்.எப்.சி-134ஏ என்னும் சேர்மத்தில் இரட்டைப் பிணைப்பு இல்லை. ஐதராக்சில் உறுப்பு அதிலிருந்து ஐதரசனை மெதுவாகவே பிரிப்பதால், அது சுமார் 14 ஆண்டுகள் வளிமண்டலத்தில் தங்குகிறது. அதற்கு மாற்றாக வந்த எச்.எப்.ஓ-1234ஒய்எப் ஓர் ஆலசனேற்ற ஆல்க்கீன். இதன் இரட்டைப் பிணைப்பில் ஐதராக்சில் உறுப்பு எளிதில் சேர்வதால், இது சுமார் 11 நாட்களில் சிதைகிறது. ஆகவே புவி வெப்பமாதலில் இதன் பங்கு மிகக் குறைவு. எனினும், சிதைவின் முடிவில் உண்டாகும் முப்புளோரோ அசிட்டிக் அமிலம் எளிதில் அழியாமல் மழையுடன் நீர்நிலைகளை அடைகிறது.