தாத்தா கார்ல குளம் கட்டுதா?

பழைய அம்பாசடரைத் தூசு தட்டி, டிங்கரிங் பார்த்து, பளபளன்னு பெயின்ட் அடிச்சு காலேஜ் வாசல்ல நிறுத்தினா... அந்த கெத்தே தனி! ஆனா, ஐப்பசி மழையில ஒரு ரவுண்டு போனா டிரைவர் காலடியில குளம். உடனே நம்மாளுங்க சிலிக்கான் டியூப் வாங்கி, முன் கண்ணாடியைச் சுத்திப் பிதுக்கி விட்டுடுவாங்க. வினையே அங்கதான்!

வினிகர் வாடை அடிக்கிற சாதா சிலிக்கான், காயும்போது அசிட்டிக் அமிலத்தை வெளியிடும். இரும்புக்கு அது ஆகாது. மேலே அடைச்சதால, உள்ளே புகுந்த தண்ணியும் வெளியேற வழியில்லாம பீடிங் ரப்பருக்கு அடியிலயே தங்கி, தகட்டைத் தின்னும். அம்பாசடருக்குத் தனி சேசி கிடையாது, பாடிதான் சேசி. தரையும் பில்லர் அடியும் துருப்பிடிச்சா வண்டியோட பலமே போச்சு!

முதல்ல திருடனைப் பிடிங்க. மேட்டை எல்லாம் எடுத்துடுங்க. ஒருத்தர் டார்ச்சோட உள்ளே, இன்னொருத்தர் ஹோஸோட வெளியே. தண்ணியை மெதுவா விடணும். கீழ் ஓரத்துல ஆரம்பிச்சு, ஒவ்வொரு இடத்துலயும் சில நிமிஷம் நின்னு மேலே போகணும். எடுத்ததுமே மேலே ஊத்தினா எல்லா இடமும் நனைஞ்சு, எங்கே ஒழுகுதுன்னே புரியாது. உள்பக்கம் சாக்பீஸ் தூள் தடவி வெச்சா தண்ணி வந்த தடம் அப்படியே தெரியும். பல வண்டியில குற்றவாளி கண்ணாடியே இல்லை, வைப்பர் தண்டு வெளியே வர்ற இடத்துல இருக்கிற சின்ன ரப்பர்தான்!

பீடிங்தான் காரணம்னா கண்ணாடியைக் கழற்றியே ஆகணும். துருவைச் சுரண்டி, பிரைமரும் பெயின்ட்டும் அடிச்சுக் காய விடுங்க. ஓட்டை இருந்தா வெல்டிங்தான். பட்டி போட்டு மறைக்கிறது சுத்தப் பித்தலாட்டம். புது ரப்பர் வாங்க, பழசையும் கையோட கொண்டுபோங்க.

மாட்டுறது செம ஜாலியான வேலை. ரப்பரைக் கண்ணாடியில மாட்டி, பாடி தகடு உட்காரும் பள்ளத்துல சுத்திலும் கயிறு விடுங்க. இரண்டு நுனியும் வண்டிக்குள்ளே தொங்கட்டும். சோப்புத் தண்ணி தடவி, ஒருத்தர் வெளியிலிருந்து உள்ளங்கையால அழுத்த, மத்தவர் கயிற்றை மெல்ல இழுத்தா ரப்பர் உதடு தகட்டைத் தாண்டி உட்கார்ந்துடும். சுத்தியல் பக்கமே போகாதீங்க!

ஈரம் காய்ஞ்சதும், இறுகிப்போகாத கறுப்பு சீலன்ட்டை ரப்பர் உதட்டுக்கு அடியில விடுங்க, கண்ணாடிப் பக்கமும் பாடிப் பக்கமும். மறுபடியும் ஹோஸ் டெஸ்ட். அதுல பாஸானப்புறம் மேட்டைப் போடலாம்.