டயர் கத்தினால் வேகமா?

அமெரிக்காவில் ஆட்டோகிராஸ் ஓட்ட ரேஸ் டிராக் தேவையில்லை. விமானம் இறங்காத பழைய ஓடுதளமோ, விடுமுறை நாளில் காலியாகக் கிடக்கும் பெரிய பார்க்கிங்கோ போதும். ஆரஞ்சு கோன்களை வைத்து வளைவும் நெளிவுமாகப் பாதை போடுவார்கள். கார்கள் போதிய இடைவெளி விட்டுத்தான் புறப்படும் என்பதால் யாரும் யாரையும் முந்துவதில்லை. போட்டி கடிகாரத்தோடுதான். ஓட்டம் ஏறக்குறைய ஒரு நிமிடம் நீடிக்கும். நேரத்தை விநாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு வரை அளப்பார்கள். ஒரு கோனைத் தட்டிவிட்டால் 2 விநாடி அபராதம். திங்கட்கிழமை ஆபீஸுக்குப் போகிற அதே காரை ஞாயிற்றுக்கிழமை இங்கே ஓட்டலாம். இந்த விளையாட்டின் மேல் எனக்குத் தீராத பிரியம் வந்ததற்கு அதுதான் முதல் காரணம்.

நான் இருப்பது நெப்ராஸ்கா மாநிலத்தில். 1944-ல் தொடங்கிய அமெரிக்க ஸ்போர்ட்ஸ் கார் கிளப், 1973 முதல் ஆட்டோகிராஸுக்கு தேசியப் போட்டி நடத்துகிறது. 2009-லிருந்து அது எங்கள் மாநிலத் தலைநகரான லிங்கனுக்கு வந்துவிட்டது. ஒரு காலத்தில் விமானப்படைத் தளமாக இருந்த கான்கிரீட் வெளியில், செப்டம்பர் வெயிலில், ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் ஓட்டுவார்கள். மற்ற வார இறுதிகளில் நடக்கும் உள்ளூர்ப் போட்டிகளில் புதியவர்களுக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பது என் வேலை.

சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தாலே ஒரு கேள்வி வந்துவிடும். மதுரையிலிருந்து வந்து இங்கே வேலை பார்க்கும் ஒரு தம்பி, தன் முதல் ஓட்டம் முடிந்து ஹெல்மெட்டைக் கழற்றியதும் கேட்டார்: "அக்கா, டயர் கத்தவே இல்லையே. இன்னும் போட்டு மிதிக்கணுமா?" அவருக்கு அடுத்து நின்ற காரின் ஓட்டுநருக்கோ நேர் எதிரான உபதேசம் கிடைத்திருந்தது: எல்லாவற்றையும் மெதுவாகச் செய், பூப்போலத் திருப்பு. இரண்டு பேருடைய நேரமும் சுமார்தான்.

இதைப் புரிந்துகொள்ள டயரிலிருந்து தொடங்க வேண்டும். கார் வளையும்போது டயர் பார்க்கும் திசையும் அது உண்மையில் போகும் திசையும் ஒன்றல்ல. இரண்டுக்கும் நடுவே சில டிகிரி விலகல் இருந்தால்தான் பக்கவாட்டுப் பிடிமானமே பிறக்கிறது. விலகல் கூடக் கூடப் பிடிமானமும் ஏறும். சாதாரண சாலை டயரில் பெரும்பாலும் பத்து டிகிரிக்குள் அது உச்சத்தைத் தொட்டுவிடும். அதற்கு மேல் ஸ்டியரிங்கை ஒடித்தால் பிடிமானம் இறங்கும், சத்தம் மட்டும் ஏறும். உச்சத்துக்கு அருகில் டயர் தாழ்ந்த குரலில் உறுமும். வீறிட்டுக் கத்துகிறது என்றால் எல்லை தாண்டியாகிவிட்டது.

அதே டயர்தான் பிரேக்கையும் தாங்கியாக வேண்டும். முழுப் பலத்தையும் பிரேக்குக்குக் கொடுத்துவிட்ட முன் டயரிடம் அந்த நேரத்தில் திரும்பச் சொன்னால் திரும்பாது, வண்டி நேராகப் போய்க் கோனை விழுங்கும். பிரேக்கிலிருந்து காலை எடுக்க எடுக்கத்தான் திருப்பத்துக்கு இடம் கிடைக்கும். பாரத்தின் கணக்கு இன்னொன்று. ஆயிரம் கிலோ எடையுள்ள மாஸ்டா மியாட்டாவில் பலமாகப் பிரேக் பிடித்தால் ஏறக்குறைய 200 கிலோ பாரம் பின் சக்கரங்களிலிருந்து முன் சக்கரங்களுக்கு வந்து உட்காரும். அப்போது திருப்பினால் முன்பக்கம் நன்றாகக் கடிக்கும். ஆனால் வண்டி வளைந்துகொண்டிருக்கையில் பயந்துபோய்ச் சட்டென்று ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தாலும் இதே பார மாற்றம்தான் நடக்கும், வால் சுற்றிக்கொண்டு முன்னால் வரும். ஒரே செயல் ஓரிடத்தில் உதவுகிறது, இன்னோரிடத்தில் சுழற்றி விடுகிறது.

மென்மைக்குப் பெயர்போனவர் ஜாக்கி ஸ்டூவர்ட். 1969, 1971, 1973 ஆகிய ஆண்டுகளில் ஃபார்முலா 1 உலகப் பட்டம் வென்றவர். பின்னாளில் ஓட்டக் கற்றுக்கொடுத்தபோது காரின் பானெட்டில் ஒரு கிண்ணத்தைப் பொருத்தி, அதில் ஒரு பந்தைப் போட்டு, பந்து வெளியே விழாமல் ஓட்டச் சொல்வார். இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியாது. பந்து விழவில்லை என்றால் பாரம் திடீரென்று தாவவில்லை என்று பொருள்.

ஆனால் மென்மைதான் ஒரே வழி என்று சொல்கிறவர்கள் 1988-ஐப் பார்க்க வேண்டும். மெக்லாரன் அணியில் ஆலன் புரோஸ்டும் அயர்டன் சென்னாவும் ஒரே மாதிரி காரில் உட்கார்ந்தார்கள். புரோஸ்ட் ஓட்டுவதைப் பார்த்தால் கையும் காலும் அசைகிறதா என்றே சந்தேகம் வரும். சென்னா வளைவின் நடுவில் ஆக்ஸிலேட்டரைத் தட்டித் தட்டி மிதிப்பார். அந்த ஆண்டின் 16 போட்டிகளில் இவர்கள் இருவரும் சேர்ந்து 15 வென்றார்கள்: சென்னா 8, புரோஸ்ட் 7. மொத்தப் புள்ளியில் புரோஸ்ட்தான் முன்னால், 105-க்கு 94. சிறந்த 11 முடிவுகளை மட்டும் எண்ணும் அன்றைய விதிப்படி பட்டம் சென்னாவுக்குப் போனது. இரண்டு பாணிகள் இதைவிட நெருக்கமாக மோதியதில்லை என்பது என் எண்ணம்.

எங்கள் விளையாட்டுக்கு வருவோம். நீண்ட போட்டியில் மென்மைக்கு ஒரு பெரிய நியாயம் உண்டு: டயர் கடைசிச் சுற்று வரை தாங்க வேண்டும். ஒரு நிமிட ஓட்டத்தில் அந்தக் கவலையே இல்லை. ஒரே காரை இரண்டு பேர் மாற்றி மாற்றி ஓட்டினால் டயர் சூடாகும்தான். அதற்குச் செடிக்குத் தண்ணீர் தெளிக்கும் பம்பை எடுத்து டயரில் அடித்துவிடுவார்கள். அதனால் "பூப்போலத் திருப்பு" என்ற உபதேசத்தை அப்படியே கொண்டுவந்து கோன்களுக்கு நடுவில் இறக்கினால் வேலைக்காகாது.

ஸ்லாலம் என்ற வரிசையை எடுத்துக்கொள்ளுங்கள். 17 மீட்டருக்கு ஒன்றாகக் கோன்கள், இடமும் வலமுமாக நெளிய வேண்டும். மணிக்கு 60 கிலோமீட்டரில் போனால் விநாடிக்கு ஒரு கோன் வருகிறது. அந்த ஒரு விநாடிக்குள் ஒரு பக்கம் சாய்ந்த பாரம் மறுபக்கம் போய்ச் சேர வேண்டும். இங்கே சோம்பலான கை மென்மையான கை ஆகாது. முதல் கோனில் ஒரு முழம் பிந்தினால் இரண்டாவதில் இரண்டு முழம், நான்காவதில் பாதையே இருக்காது. நன்றாக ஓட்டுகிறவரின் கையைப் பக்கத்திலிருந்து பார்த்தால் அசரவைக்கும் வேகத்தில் போகும். ஆனால் தேவையான கோணம் வந்ததும் நின்றுவிடும், அதற்கு மேல் ஒரு டிகிரி போகாது. கோன் வருவதற்கு முன்பே அடுத்த பக்கத்துக்குக் கை கிளம்பிவிடும். வெளியே நிற்பவருக்கு வண்டி வழுக்கிக்கொண்டு போவதாகத் தெரியும்.

இதனால்தான் மென்மை என்பதை நான் ஒரு செய்முறையாகச் சொல்லிக்கொடுப்பதில்லை. சரியான நேரத்தில், சரியான அளவில் செய்தால் வண்டி தானாக மென்மையாகத் தெரியும். அவசரக்காரரின் முரட்டுத்தனம் பெரும்பாலும் தாமதத்திலிருந்துதான் வருகிறது: பார்வை மூக்குக்கு முன்னாலிருக்கும் கோனில், அதனால் எல்லாமே திடுக்கென்று வருகிறது, அதனால் எல்லாவற்றையும் வெடுக்கென்று செய்கிறார். இரண்டு கோன் தள்ளிப் பார்க்கச் சொன்னாலே பாதி முரட்டுத்தனம் அடங்கிவிடும். மதுரைத் தம்பியிடம் டயரைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை. "எங்க பாக்குறீங்க தம்பி?" என்று மட்டும் ஓட்டம் முழுக்கக் கேட்டுக்கொண்டே இருந்தேன்.

பாதையின் கோடும் முக்கியம். மணிக்கு 60 கிலோமீட்டரில், டயரின் பிடிமானம் வண்டியின் எடைக்குச் சமம் என்று வைத்துக்கொண்டால், 28 மீட்டர் ஆரமுள்ள வளைவுதான் எட்டும். கோனை ஒட்டி உரசி ஆரத்தை 20 சதவீதம் அகலமாக்கினால் வேகம் 10 சதவீதத்துக்குக் கொஞ்சம் குறைவாகக் கூடும், பலம் எதுவும் கூட்டாமலே. இந்த லாபத்தைப் பார்க்காமல் பிரேக்கோடு மல்லுக்கட்டுகிறவர்களைக் கண்டால் எனக்கு வருத்தமாக இருக்கும்.

கோவைப் பக்கம் மண் தரையில் ஆட்டோகிராஸ் ஓட்டுகிறவர்கள் நான் சொன்ன எல்லாவற்றுக்கும் தலையாட்ட மாட்டார்கள். அது நியாயம்தான். புழுதி மண்ணில் டயர் பக்கவாட்டில் நகர்ந்தால்தான் முன்னால் மண் குவிந்து அணை கட்டும், மேல்மண் விலகிக் கெட்டியான தரை அகப்படும். அங்கே வண்டியை முன்கூட்டியே வீசிப்போட்டுச் சறுக்கவிடுவதுதான் வேகம். கான்கிரீட்டில் அதையே செய்தால் நேரம் கரையும்.

எங்கள் போட்டிகளில் ஓட்டி முடித்தவர்கள் அடுத்த குழு ஓடும்போது களத்தில் நின்று விழுந்த கோன்களை எடுத்து வைக்க வேண்டும், அது கட்டாயம். புதியவர்கள் அதைத் தண்டனையாக நினைக்கிறார்கள். நான் அவர்களை ஸ்லாலத்தின் மூன்றாவது கோன் பக்கம் நிறுத்தி, காரைப் பார்க்காதீர்கள், முன் சக்கரம் எவ்வளவு திரும்பியிருக்கிறது என்று மட்டும் பாருங்கள் என்பேன். ஒரு சக்கரம் நன்றாக ஒடிந்திருக்கும், வண்டி நேராகப் போகும். அடுத்து வரும் வண்டியின் சக்கரம் கொஞ்சமே திரும்பியிருக்கும், வண்டி நறுக்கென்று வளையும். தம்பி நாலைந்து கார் பார்த்த பிறகு, "அக்கா, இவர் கோனைத் தாண்டறதுக்குள்ளயே சக்கரத்தை நேராக்கிட்டாரு" என்றார். அதற்குள் பின்னால் வந்த கார் ஒரு கோனைத் தட்டிவிட, எடுத்து வைக்க ஓடினார்.